நானூற்றுப் பதினேழாம் எண்ணின் ரகசியம்

அந்த மையத்தில் ரத்தம் கொடுப்பதைப் போலச் சுலபமான காரியம் ஊரில் வேறொன்றும் கிடையாது. வாசலில் கால் வைத்ததும் ஒருவர் வணக்கம் சொல்வார். இன்னொருவர் நாற்காலியைக் காட்டுவார். மூன்றாமவர் யாரென்று நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஊசி ஏறி இறங்கி, பஞ்சு ஒட்டி, ‘நன்றி! ஆறு மாதம் கழித்துச் சந்திப்போம்’ என்று அச்சடித்த அட்டை கைக்கு வந்துவிடும்.

எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்கிற ஒவ்வொருவருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிபிலிஸ் பரிசோதனை என்பது அங்கே விதி. அருமையான விதி. பால்வினை நோய்களிலேயே சிபிலிஸ் ஓர் அமுக்குணி. வருஷக்கணக்கில் வலிக்காது, அரிக்காது, உள்ளே குடியிருப்பதை மூச்சு விடாது. ரத்தத்தில் தேடினால்தான் அகப்படும். அகப்பட்டுவிட்டால் சாதாரணப் பென்சிலின் ஊசியிலேயே தீர்ந்துவிடும். இதையெல்லாம் மையத்தின் சுவரில் ஆளுயர எழுத்தில் எழுதி, பக்கத்திலேயே ‘நூற்றுக்கு நூறு பரிசோதனை! தொடர்ந்து ஐந்தாம் ஆண்டு!’ என்று பலகையும் மாட்டியிருந்தார்கள்.

லிஃப்ட்காரர் அந்தப் பலகைக்குத் தன்னால் ஆனதைச் செய்தவர். அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். நான்கு வருஷமாக எச்.ஐ.வி. மாத்திரையை ஒரு நாள் தவறாமல் போட்டு, வைரஸைக் கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்கு அடக்கி வைத்திருந்தார். சிபிலிஸ் பரிசோதனைக்கும் எட்டு முறை கை நீட்டியிருக்கிறார். ஒருமுறையாவது முடிவு என்ன என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. ஒரு கட்டடத்திலிருந்து போன் வரவில்லை என்றால் அங்கே லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அவருடைய தொழிலில் அதுதான் வழக்கம். மையமும் அப்படித்தான் என்று நம்பிவிட்டார்.

அந்த நம்பிக்கையில் விரல் வைத்தது மகப்பேறு மருத்துவமனை நர்ஸ்.

லிஃப்ட்காரரின் மனைவிக்கு ஐந்தாம் மாதம். அவள் ஒரு பெரிய கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில், காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தினம் இருநூறு பேருடைய கோபத்தைக் கேட்டுக்கொள்ளும் வேலையில் இருந்தாள். கணவனுக்கு எச்.ஐ.வி. இருப்பது அவளுக்குப் பெண் பார்த்த அன்றே தெரியும்; அவரே சொன்னார். அவளுக்கு அந்தத் தொற்று இல்லை. நர்ஸ் அவளுக்கு எல்லாச் சோதனையையும் எடுத்து முடித்துவிட்டு ஒன்றில் மட்டும் பேனாவை நிறுத்தினாள். சிபிலிஸுக்கான பரிசோதனைக் கிட் கையிருப்பில் இல்லை. ஊருக்கு வந்த கிட் முழுவதையும் மையம் தன் நூற்றுக்கு நூறுக்காக வாங்கிக்கொண்டது. ஊரில் இருந்த ஒரே தனியார் லேபும் அந்த மாதம் மையத்துக்குத்தான் வேலை செய்தது. புதுச் சரக்கு வர ஆறு வாரம் ஆகும்.

“மருந்து இருக்கு, கிட்டுதான் இல்ல,” என்றாள் நர்ஸ், கூட வந்திருந்த லிஃப்ட்காரரைப் பார்த்து. “ஆனா உங்களுக்குத்தான் அங்க வருஷத்துக்கு ரெண்டு தடவ எடுக்கறாங்களே. அந்த முடிவெல்லாம் வாங்கிட்டு வாங்க. உங்களுக்கு இருந்துச்சுன்னா நான் காத்துட்டு இருக்க மாட்டேன், ரெண்டு பேருக்கும் அன்னிக்கே ஊசி. பழைய முடிவும் வேணும். எப்போலேர்ந்து இருக்குன்னு தெரிஞ்சாத்தான் ஒரு ஊசியா மூணு ஊசியான்னு சொல்ல முடியும்.”

இருந்து, கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று லிஃப்ட்காரர் கேட்டார். நர்ஸ் சுற்றி வளைக்கவில்லை. குழந்தைக்குப் போகும், வயிற்றிலேயே இழக்கவும் நேரலாம், ஒவ்வொரு வாரமும் முக்கியம் என்றாள்.

வீடு திரும்பியதும் மனைவி பூட்டில் சாவியைப் போட்டாள். கதவைத் திறக்கும்போதுதான் கேட்டாள்.

“எப்போலேர்ந்துன்னு அந்தக் காயிதத்துல தேதி இருக்கும்ல?”

இருக்கும் என்றார்.

“சரி. அதப் பாத்துட்டுப் பேசறேன்.”

அவர்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். அவள் எந்தத் தேதியைத் தேடுகிறாள் என்பது புரிய லிஃப்ட்காரருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

திங்கட்கிழமை காலையில் மையத்தின் பதிவுக் கவுண்ட்டரில் போய் நின்று, என் முடிவு வேண்டும் என்றார். உள்ளே இருந்த பதிவேட்டம்மாள், யாரோ தன்னிடம் ரயில் டிக்கெட் கேட்டுவிட்டதைப் போல விழித்தாள். பதினோரு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு கோரிக்கையை அவள் கேட்டதில்லை. அலமாரியைத் திறந்து படிவங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். ரத்தம் கொடுக்கச் சம்மதிக்கும் படிவம், மறுக்கும் படிவம், ஊசி வலித்தது என்று புகார் செய்யும் படிவம், ஊசி வலிக்கவில்லை என்று பாராட்டும் படிவம். முடிவு கேட்கும் படிவம் இல்லை.

முடிவெல்லாம் எங்கே போகிறது என்று லிஃப்ட்காரர் விசாரித்தார். வேறெங்கே, அறிக்கைக்குத்தான் என்றாள். எத்தனை பேருக்கு எடுத்தோம், எத்தனை முடிவு வந்தது, எத்தனை நாளில் வந்தது என்று மூன்று பத்தி. மூன்றும் நிரம்பியதும் கோப்பு மாடிக்குப் போய்விடும். அதற்கு மேல் தெரிய வேண்டுமானால் ரகசியக் காப்பு அதிகாரியைத்தான் பார்க்க வேண்டும்.

ரகசியக் காப்பு அதிகாரியின் அறைக் கதவில் அவருடைய பதவி எழுதியிருக்கவில்லை, ரகசியம். எதிர் அறைக் கதவில் ‘ரகசியக் காப்பு அதிகாரி எதிர் அறையில்’ என்று எழுதியிருந்தது. மனிதர் மிகவும் கண்ணியமானவர். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், மின்விசிறியைக் கூட்டி வைத்தார். அதன்பிறகு பேசினார்.

“இந்த மையத்துல ஒரு நோயாளியோட முடிவு இன்னொருத்தர் காதுக்குப் போனதா ஒரு கேஸ் காட்டுங்க பாக்கலாம். முடியாது. ஏன்னா விதி தெளிவா இருக்கு. ‘முடிவை எவரிடமும் வெளியிடலாகாது.’ எவரிடமும்னா எவரிடமும்தான். நோயாளி மட்டும் எவருல சேராதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?”

நோயாளியே கேட்டால்கூடவா என்றார் லிஃப்ட்காரர்.

“நோயாளிதான் சார் ரொம்ப ஆபத்தானவர்,” என்றார் அதிகாரி வருத்தத்தோடு. “அவர்கிட்ட சொன்னா வீட்ல சொல்லிடறார். டாக்டர்கிட்ட சொல்லிடறார். எங்க அனுபவத்துல ரகசியம் வெளிய போனதெல்லாம் தெரிஞ்சவங்க மூலமாத்தான்.”

இருந்தாலும் அவர் கல்நெஞ்சர் அல்ல. மேலிடத்துக்கு ஒரு சிறப்பு அனுமதி எழுதலாம். அதற்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்தான் நானூற்றுப் பதினேழாம் எண் என்று நிரூபணமானால் போதும் என்றார். லிஃப்ட்காரர் மையம் கொடுத்த அட்டையை நீட்டினார். அதில் 417 என்று மட்டுமே இருந்தது. யாருடைய அட்டையாகவும் இருக்கலாம், தெருவில் கிடந்து எடுத்ததாகவும் இருக்கலாம். அடையாள அட்டையை நீட்டினார். அதில் பெயரும் படமும் இருந்தன, எண் இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்களேன் என்றார்.

அதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். பெயரையும் எண்ணையும் ஒருவர் பார்வையில் சேர விடக்கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பதவியே உண்டாக்கப்பட்டிருக்கிறது. தன் மேசையிலேயே அது நடந்துவிட்டால் தன் மீதே தான் நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். லிஃப்ட்காரருக்கு ஒரு யோசனை தோன்றியது. இப்போதே ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டால் என்ன? அதிகாரியின் முகம் மலர்ந்தது. தாராளமாக எடுக்கலாம், ஒன்பதாவதாகக் கணக்கில் சேரும் என்றார். அதன் முடிவு? அதுவும் பத்திரமாக இருக்கும் என்றார்.

செவ்வாய்க்கிழமை, முடிவைச் சொல்வதற்கென்றே ஓர் ஆலோசகர் பதவி இருப்பதைக் கண்டுபிடித்து லிஃப்ட்காரர் அந்த அறைக்குப் போனார். பூட்டியிருந்தது. பரிசோதனைக்குப் பின் பேசும் ஆலோசகர் பதவி ஆறு வருஷமாகக் காலி. பக்கத்து அறையில் பரிசோதனைக்கு முன் பேசும் ஆலோசகர் இருந்தார். ஒருவரல்ல, மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் ஒரே சமயத்தில் எழுந்து அவரை உட்கார வைத்தார்கள். முடிவு பாசிட்டிவ் என்று தெரியவந்தால் உங்கள் மனநிலை எப்படி இருக்கும் என்று மூத்தவர் பரிவோடு கேட்டார். தெரியவந்தால் நல்லது என்றார் லிஃப்ட்காரர். அப்படி ஒரு பதில் அவர்கள் கையேட்டில் இல்லாததால் மூவரும் கலந்து பேசி, ‘ஒத்துழைப்புக் குறைவு’ என்று குறித்துக்கொண்டார்கள்.

அன்று வீட்டில் மனைவி நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டாள்.

“நாங்களும் இப்படித்தான் பேசுவோம்,” என்றாள். “உங்க புகார் எங்களுக்கு முக்கியம்னு சொல்லிட்டு லைன்ல பாட்டு போட்டுடுவோம். ஆனா எங்ககிட்ட புகார் பண்றவன் வயித்துல புள்ள இல்லியே.”

புதன்கிழமை காலை மறுபடி மையத்துக்குப் போனவரை, கையில் இருந்த கருவிப் பையைப் பார்த்துவிட்டுக் காவலாளி ஓடிவந்து பிடித்துக்கொண்டார். இயக்குநர் முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் லிஃப்டில் மாட்டிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் மொட்டை மாடி அறைக்கு ஏறி, மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியை முதல் மாடி மட்டத்துக்கு இறக்கினார். கதவைத் திறந்தபோது இயக்குநரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

வெளியே வந்ததும் அவர் செய்த முதல் வேலை, காவலாளியை அழைத்ததுதான். உள்ளிருந்து அபாய மணியை இருபத்துமூன்று முறை அடித்தேனே, காதில் விழவில்லையா என்றார். விழுந்தது என்று காவலாளி பணிவாகச் சொல்லிப் பதிவேட்டை நீட்டினார். மணி அடித்த நேரமெல்லாம் வரிசையாக இருந்தது. 11.04, 11.05, 11.05, 11.06. இருபத்துமூன்றும் இருந்தன. ஒன்றுகூட விடுபடவில்லை. கீழே கூட்டுத்தொகை போட்டுக் கையெழுத்தும் இட்டிருந்தார்.

“எழுதி வச்சிருக்கான்யா,” என்று இயக்குநர் லிஃப்ட்காரரிடம் குமுறினார். “உள்ள ஒரு மனுஷன் மூச்சு முட்டிட்டு இருக்கான், இவன் உக்காந்து கூட்டல் போட்டிருக்கான். வந்து திறக்கணும்னு ஒருத்தனுக்குமா தோணல?”

“நான் எட்டு தடவ அடிச்சிருக்கேன் சார்,” என்றார் லிஃப்ட்காரர்.

இயக்குநருக்கு விளங்கவில்லை. லிஃப்ட்காரர் விளக்கினார். எண் நானூற்றுப் பதினேழு, எட்டுப் பரிசோதனை, முடிவு தெரிய வேண்டும், மனைவிக்கு ஐந்தாம் மாதம். இயக்குநர் கடைசி இரண்டையும் கேட்கவில்லை. எட்டு முறை என்ற இடத்திலேயே அவர் கண்கள் அகன்றுவிட்டன. ஒருமுறைகூடத் தவறாமல் எட்டா? நான்கு வருஷமாகவா? வெள்ளிக்கிழமை விருது விழாவுக்கு முன்மாதிரி நோயாளி ஒருவர் கிடைக்காமல் ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருக்கிறோமே என்று லிஃப்ட்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கி, 417 என்று தன் உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டார். எழுதியவர் இயக்குநர் என்பதால் யாரும் நிரூபணம் கேட்கவில்லை.

முடிவு, என்று லிஃப்ட்காரர் இழுத்தார். வேறு எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார் இயக்குநர்.

விழா மேடையில் ரகசியக் காப்பு அதிகாரி சகல ஏற்பாடும் செய்திருந்தார். முன்மாதிரி நோயாளியின் முகம் தெரியக்கூடாது என்பதற்காக ஒரு வெள்ளைத் திரை கட்டி, அதன் பின்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். பின்னாலிருந்து விளக்கடித்ததால் லிஃப்ட்காரரின் மூக்கு, முடி, கருவிப் பை எல்லாம் திரையில் இருமடங்கு பெரிதாகத் தெரிந்தன. இயக்குநரும் ரகசியத்தைக் காப்பதில் சளைத்தவரல்ல. பெயரைச் சொல்ல மாட்டேன் என்று அறிவித்துவிட்டு, “புதன்கிழமை என்னை லிஃப்டிலிருந்து மீட்ட அதே சகோதரர்தான்,” என்றார். காவலாளி திரையை நோக்கிக் கையசைத்தார்.

மனைவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அரை நாள் விடுப்பு போட்டு வந்திருந்தாள்.

இயக்குநர் பேசத் தொடங்கினார். மையம் தோன்றிய வரலாறு, முதல் ஊசி, முதல் குளிர்பெட்டி, முதல் அறிக்கை எல்லாவற்றையும் கடந்து நாற்பதாவது நிமிஷத்தில் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்.

“பரிசோதனை செய்வது பெரிதல்ல, துல்லியமாகச் செய்வதுதான் பெரிது. சிலர் நம்மைக் குறை சொல்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் திரைக்குப் பின்னால் இருக்கும் நண்பரே பதில். எட்டு முறை இவருடைய ரத்தத்தை எடுத்தோம். வெவ்வேறு ஊழியர், வெவ்வேறு கருவி, வெவ்வேறு வருஷம். ஆனால் எட்டு முறையும் ஒரே முடிவு. ஒருமுறைகூடப் பிசகவில்லை.”

கைதட்டல் அடங்கியபோது திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“என்ன முடிவு சார்?”

பார்வையாளர் பங்கேற்பு என்றால் இயக்குநருக்கு உயிர். மகிழ்ச்சியோடு கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

“பாசிட்டிவ். எட்டும் பாசிட்டிவ். முதல் முடிவிலிருந்து கடைசி முடிவு வரை.”

அரங்கம் மறுபடி கைதட்டியது. ரகசியக் காப்பு அதிகாரியும் தட்டினார். நான்காவது தட்டலில் அவர் கைகள் காற்றில் நின்றன.

லிஃப்ட்காரர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். இயக்குநர் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டார். யாரோ ஒரு நினைவுப் பரிசையும் திணித்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட்டின் மேல் மையத்தின் சாதனைச் சின்னமாக ஒரு சிபிலிஸ் கிட்டை வைத்திருந்தார்கள். மனைவி அதற்குள் மேடைப் படிக்கு வந்துவிட்டாள். தாளை வாங்கி, எட்டுத் தேதிகளில் முதலாவதைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

“கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்னாடி,” என்றாள் மெதுவாக. “பொண்ணு பாக்க வந்தப்ப உங்களுக்கே தெரியாதா?”

“தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்.”

“ஆமா. சொல்லியிருப்பீங்க.” அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “வாங்க, நர்ஸ் ஷிஃப்ட் நாலு மணிக்கு முடியுது.”

நர்ஸ் தாளைப் படித்தாள். பரிசைப் பார்த்தாள். உறை பிரியாத கிட், காலாவதியாக இன்னும் ஐந்து மாதம் இருந்தது. ஊசி போடும் முடிவை அவள் எடுத்துவிட்டாள்; ஆனாலும் தெரிந்துகொண்டு போடுவது நல்லது என்று ஸ்டூலின் விளிம்பில் பெட்டியை ஒரு தட்டுத் தட்டிக் கண்ணாடியை உடைத்தாள். மனைவியின் விரலில் ஒரு சொட்டு எடுத்தாள். மூன்று பேரும் அந்தச் சின்ன வெள்ளைப் பட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாருக்கும் ஆலோசனை சொல்லவில்லை.

பதினைந்து நிமிஷத்தில் இரண்டு கோடும் தெளிவாக வந்தன.

“இருக்குதும்மா,” என்றாள் நர்ஸ்.

“குழந்தைக்கு?”

“அஞ்சு மாசம்தானே ஆச்சு. இன்னிக்கு ஒண்ணு, அடுத்த வாரம் ஒண்ணு, அதுக்கடுத்த வாரம் ஒண்ணு. மூணும் தவறாமப் போட்டுட்டா குழந்தைக்கும் சேத்துத்தான் மருந்து. ஸ்கேன்ல நான் பாத்துக்கறேன். இன்னும் மூணு மாசம் கழிச்சு இந்தக் காயிதத்தக் கொண்டுவந்திருந்தீங்கன்னா இப்படிப் பேசியிருக்க மாட்டேன்.”

மனைவி அழவில்லை. இரண்டு பேருக்கும் இடுப்புக்குக் கீழே ஊசி விழுந்தது. பென்சிலின் ஊசி சாதுவான ஊசி அல்ல. பஸ்ஸில் பாதி இருக்கை காலியாக இருந்தும் இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள். நடத்துனர் இரண்டு முறை உட்காரச் சொல்லிப் பார்த்துவிட்டு, புதிதாகக் கல்யாணமானவர்கள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

மூன்றாவது ஊசியும் போட்ட வாரத்தில் மையத்திலிருந்து ஒரு பழுப்பு உறை வந்தது. உள்ளே இரண்டு தாள். ஒன்று, விழா மேடையில் ஒரு நோயாளியின் முடிவு அந்த நோயாளிக்கே கசிந்தது தொடர்பாக ரகசியக் காப்பு அதிகாரி நடத்தும் விசாரணைக்கு வரச்சொல்லும் அழைப்பு. இன்னொன்று, முன்மாதிரி நோயாளிக்கு மரியாதைப் பிரதியாக அனுப்பிய ஆண்டறிக்கைச் சுருக்கம். மனைவி காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு அதைச் சத்தமாகப் படித்தாள்.

பரிசோதிக்கப்பட்டவர்கள்: நூற்றுக்கு நூறு.

முடிவு வந்தவை: நூற்றுக்கு நூறு.

பாசிட்டிவ் என்று கண்டறியப்பட்டவர்கள்: நூற்றுப் பன்னிரண்டு.

சிகிச்சை பெற்றவர்கள்: ஒருவர் (விசாரணை நடைபெறுகிறது).

கடைசி வரியை அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு தாளை மடியில் வைத்துக்கொண்டு, ரத்தம் எடுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்களில் எத்தனை பேரின் முகம் அவருக்குத் தெரியும் என்று கேட்டாள். லிஃப்ட்காரர் யோசித்தார். நான்கு வருஷப் பழக்கம். நாற்பது பேரையாவது தெரியும், நாலைந்து பேர் வீடுகூடத் தெரியும் என்றார்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

“செருப்பப் போடுங்க,” என்றாள். “பக்கத்துல இருக்கற வீட்லேர்ந்து ஆரம்பிப்போம்.”